பட்டை இல்லாத நாய்கள்

ஜூன் 6

என்னங்க,

உங்க மலை முகாமுக்கு வந்த போன லாரியில கடிதம் வரலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. கோபம் எதுவும் இல்லை, நேரம்தான் இல்லை. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் நகரசபை. வார்டு உறுப்பினர்னா ரிப்பன் வெட்டுற வேலைன்னு சொல்லித்தானே என்னைத் தேர்தல்ல நிக்க வச்சீங்க? இதுவரைக்கும் ஒரு ரிப்பனைக்கூடக் கண்ணால பார்க்கலை. சாக்கடை அடைச்சுக்கிச்சு, விளக்கு எரியலைன்னுதான் ஆள் வர்றாங்க. மருந்து வாங்க வர்றவங்ககூட இருமலைச் சொல்றதுக்கு முன்னாடி குழாயைச் சொல்றாங்க.

இப்ப ஒரு கெட்ட சேதி. தெருமுனை டயர்க்கடைக்காரரோட பொண்ணை நாய் கடிச்சிடுச்சு. சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனப்ப, "மாமா, உங்க வயித்துக்கும் சேர்த்து அடிக்கவா?"ன்னு உங்களைக் கேட்டாளே, அவதான். கறிக்கடைக்குப் பின்னாடி பள்ளிக்கூட வேனுக்காக நின்னிருக்கா. கன்னத்துல கடி. அவங்க அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடாம பக்கத்துல இருக்குன்னு என் கடைக்குத் தூக்கிட்டு வந்துட்டார். நான்தான் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவினேன். அவ கத்தலைங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு என் கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தா. கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில ஊசி இல்லை. என் ஃப்ரிட்ஜ்ல இருந்ததைக் குடுத்தேன். காயத்தைச் சுத்திப் போடுற சீரம் பக்கத்து ஊர்ல இருந்து வரவேண்டியிருந்துச்சு. அந்த நாயைத் தெருக்காரங்க அன்னைக்கே இரும்புக் கம்பியால அடிச்சுக் கொன்னுட்டாங்க. கேள்விப்பட்டதும் "நல்லது"ன்னுதான் சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்.

அதனால நகரசபையில ஒரு சட்டம் கொண்டுவரப் போறேன். வளர்க்கிறவங்க நாயைப் பதிவு பண்ணிக் கழுத்துல பட்டை கட்டணும். தெருவுல யாரும் நாய்க்குச் சாப்பாடு போடக்கூடாது. பட்டை இல்லாத நாயைப் பிடிச்சு ஊசி போட்டு முடிச்சிடணும். எழுதும்போதே உங்க முகம் எனக்குத் தெரியுது. இருந்தாலும் மறைச்சுச் செய்ய எனக்கு வராது.

உங்க வாட்ச்மேன் நல்லா இருக்கான். கேட்டுக்கு முன்னாடி குறுக்கே வாலைச் சுருட்டிக்கிட்டுப் படுத்துத் தூங்குறான். திருடன் வந்தா அவனைத் தாண்டித்தான் உள்ள வரணும், அவ்வளவுதான் அவன் பார்க்குற காவல். நான் அவனுக்குச் சாப்பாடு போடுறதில்லை. மக போடுறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் போடுறா.

குழாய்க்கு வெல்டிங் பண்ணும்போது கண்ணாடி போடுங்க. கண்ணுக்கு என் கடையில ஸ்பேர் கிடையாது.

உங்க வீட்டுக்காரி

———

ஜூன் 9

மருந்துக்கடை மகாராணிக்கு,

லாரி டிரைவர் அண்ணன் உன் கடிதத்தைக் குடுக்கும்போதே, "கனமா இருக்கு, திட்டு நிறைய இருக்கும்போல"ன்னார். பிரிச்சா திட்டே இல்லை. குழாய் மேலயே உட்கார்ந்து படிச்சேன்.

அந்தப் பொண்ணை நினைச்சா சாப்பாடு இறங்கலை. அவ்வளவு வாய் பேசுற புள்ள கத்தாம இருந்தான்னா எவ்வளவு பயந்திருப்பா. டயர்க்கடைக்காரர்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. சும்மா சொல்லாதே, அவர் கையைப் பிடிச்சுச் சொல்லு.

ஆனா மகாராணி, இந்தச் சட்டம் வேண்டாம். ஒருத்தன் திருடினான்னு தெருவையே ஜெயில்ல போடுவியா? ஊசி போட்டுக்க வர்ற குழந்தைக்கு முதல்ல மிட்டாய் குடுக்கிறவ நீ. "ஊசி போட்டு முடிச்சிடணும்"னு உன் கையெழுத்துல படிக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. வாட்ச்மேனுக்கும் பட்டை இல்லை, ஞாபகம் வச்சுக்கோ. அவன் நம்ம நாய் இல்லை. நம்ம கேட்டுதான் அவனோட கேட்டு.

நாய்ங்க பழகினா கடிக்காது. இருபது வருஷமா எத்தனை வேலை இடம், எத்தனை நாய்! என் மேல ஒரு பல் பட்டதில்லை. இங்கேயும் ஒருத்தி இருக்கா. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். மேஸ்திரின்னு பேர் வச்சிருக்கோம். காலையில வேலை ஆரம்பிச்சதும் வந்து, குழாய் குழாயா மோந்து பார்த்துக்கிட்டே கடைசி வரைக்கும் நடந்துட்டுத் திரும்புவா. எங்க இன்ஜினியர்கூட அவ்வளவு தூரம் நடக்கிறதில்லை. இப்ப வயித்துல குட்டி. என் பிரட்ல பாதி அவளுக்குத்தான் போகுது. இங்க இருக்கிற காம்பவுண்டர், "உங்களுக்கு இருமல் மருந்து தர்றேன், நாய்க்குப் பிரசவம் எல்லாம் பார்க்க மாட்டேன்"ங்கிறார்.

எனக்கு அங்க ஓட்டு இருந்தா உன்னை எதிர்த்துத்தான் போடுவேன். அன்னைக்கு வீட்டுல சோறு கிடைக்காட்டாலும் பரவாயில்லை. நம்ம பிஸ்கட் அம்மாவுக்கும் இதே லாரியில ரெண்டு வரி எழுதி அனுப்பியிருக்கேன். பாவம், தெருவுல இருக்கிற எல்லா நாயும் அந்தம்மா போடுற பிஸ்கட்டைத்தான் நம்பி இருக்கு. ஒரு ஆறுதலுக்குத்தான் எழுதினேன்.

கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். சத்தியம்.

உன் எதிர்க்கட்சி

———

ஜூன் 16

எதிர்க்கட்சித் தலைவருக்கு,

ரெண்டு வரி எழுதினீங்களாமே! ரெண்டு பக்கம். அதை முழுசா, ஒரு கமா விடாம, பொதுக்கூட்டத்துல மைக்ல படிச்சாங்க.

நகரசபை மண்டபத்துல உட்கார இடம் இல்லை. ஜன்னல்ல எல்லாம் ஆள். நான் எழுந்து ஒவ்வொரு விதியா விளக்கிச் சொன்னேன். கறிக்கடைக்காரர் எழுந்து, "நாய் இருக்கிறதாலதான் என் கடைக் கழிவு நாறாம இருக்கு"ன்னார். "அப்போ உங்க கழிவைத் திங்கத்தான் நாய் வருது, அதுக்கு எங்க புள்ளைங்க கன்னத்தைக் குடுக்கணுமா?"ன்னு பின்னாடியிருந்து ஒரு அம்மா கேட்டாங்க. அதுக்கப்புறம் யார் யாரைத் திட்டுறாங்கன்னே தெரியலை. வேன் டிரைவர் நாய்ங்களைத் திட்ட ஆரம்பிச்சு நகரசபைத் தலைவரைத் திட்டி முடிச்சார்.

அப்புறம் பிஸ்கட் அம்மா எழுந்தாங்க. டைப்பிஸ்டா இருந்தவங்க இல்லையா, ஒவ்வொரு வார்த்தையையும் தட்டித் தட்டித்தான் பேசுவாங்க. "இந்தச் சட்டத்தைக் கொண்டுவர்ற உறுப்பினரோட கணவரே எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கார்"னு ஆரம்பிச்சதும் எனக்குக் காது சூடாயிடுச்சு. "என் மனைவிக்கு நாய்ன்னா பயம், அந்தப் பயத்தைச் சட்டமா எழுதுறா"ன்னு ஒரு வரி வந்துச்சே, அங்க மண்டபமே சிரிச்சுச்சு. "வீட்டுக்காரரையே திருத்த முடியலை, ஊரைத் திருத்த வந்துட்டாங்க"ன்னு யாரோ சொன்னாங்க. நான் தண்ணி குடிக்கிற மாதிரி டம்ளரால முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

நீங்க என்னோட சண்டை போடுங்க. வீட்டுல போடுங்க, கடிதத்துல போடுங்க, நான் என்னைக்காவது வேண்டாம்னு சொன்னேனா? ஊருக்கு முன்னாடி என்னை ஏன் தனியா நிக்க வச்சீங்க? எனக்கு நாய்ன்னா பயம்தான். சின்னப் புள்ளையிலிருந்து பயம். அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா இருந்துச்சு.

சிரிப்பு அடங்கினப்புறம் டயர்க்கடைக்காரர் எழுந்தார். மேடைக்கு வரலை. நின்ன இடத்துலயே, "என் பொண்ணு வீட்டுல இருக்கிற கண்ணாடியை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வச்சிருக்கா. எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாது"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் ஒருத்தர்கூடச் சிரிக்கலை.

23-ம் தேதி சாயங்காலம் ஓட்டெடுப்பு. ஒன்பது பேர்ல என்னோட சேர்த்து அஞ்சு பேர் ஆதரவு. ஒரு ஓட்டு குறைஞ்சாலும் போச்சு. டயர்க்கடைக்காரர் தினமும் கடை வாசல்ல வந்து நின்னு, "வந்துடும்லம்மா?"ன்னு கேட்டுட்டுப் போறார். வந்துடும்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

வாட்ச்மேனுக்குப் பட்டை வாங்கித் தரச்சொல்லி மக அழுதா. மாட்டேன்னுட்டேன். உறுப்பினர் வீட்டு வாசல் நாய்க்கு மட்டும் சலுகையான்னு கேட்பாங்க.

இந்தத் தடவை கண்ணாடியைப் பத்தி எழுத மாட்டேன். உங்க கண், உங்க இஷ்டம்.

———

ஜூன் 20

மகாராணிக்கு,

தப்புதான். அந்தம்மா படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. நினைச்சிருக்கணும். நீ டம்ளரால முகத்தை மறைச்சதைப் படிச்சப்ப எனக்கு எங்கேயாவது ஓடிப்போயிடலாம்போல இருந்துச்சு.

எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. ஜலதோஷம். பேனாவும் சரியில்லை. இங்க மழை, மேசையும் ஆடுது.

மேஸ்திரி குட்டி போட்டுட்டா. குழாய் அடுக்குக்கு அடியில.

ஆபீஸ் போன் மழையில ரிப்பேர். அதனால கூப்பிடாதே, கிடைக்காது.

வேற விசேஷம் இல்லை. நல்லா இருக்கேன்.

நான்

———

ஜூன் 23, காலை

என்னங்க,

ஜலதோஷம் வந்தா மூக்கு ஒழுகும். எழுத்து ஏன் இடது பக்கமாச் சாயுது? இருபத்திரண்டு வருஷமா உங்க கையெழுத்தைப் படிக்கிறேன். கிறுக்கலா இருந்தாலும் வலதுபக்கம்தான் சாயும். அதுவும் ஒரே பக்கக் கடிதம்! நாய் குட்டி போட்டதை நீங்க ஒரே வரியில எழுதி முடிக்கிற ஆளா? ஒவ்வொரு குட்டிக்கும் பேர் வச்சு, அது யார் ஜாடைன்னு எழுதியிருப்பீங்க. டாக்டர் சீட்டையே படிக்கிறவ நான். என்கிட்டயேவா?

குட்டியைத் தொடப் போயிருக்கீங்க. தாய் கடிச்சிருக்கு. வலது கை.

இல்லைன்னா சந்தோஷம், என்னைக் கேலி பண்ணிக் கடிதம் எழுதுங்க. ஆமான்னா, ஊசி போட்டுக்கிட்டீங்களா? உங்க காம்பவுண்டர்கிட்ட அந்த ஊசி இருக்காது. இருமல் மருந்தும் தலைவலி மாத்திரையும்தான் இருக்கும். எத்தனை நாள் ஆச்சு? என்கிட்ட ஒத்துக்கணுமேன்னு வெட்கப்பட்டுக்கிட்டு அப்படியே விட்டுட்டீங்களா? அந்தப் பொண்ணுக்காகச் சாப்பாடு இறங்கலைன்னு எழுதின மனுஷன்!

காயத்தை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கட்டுப் போட்டு மூடாதீங்க. இன்னொண்ணு, ரொம்ப முக்கியம்: அந்த நாயை யாரும் அடிச்சுக் கொல்ல விடாதீங்க. கடிச்ச நாள்ல இருந்து பத்து நாள் அது சாப்பிட்டுக்கிட்டு நல்லபடியா இருந்துச்சுன்னா, அதுக்கு வெறி இல்லை, உங்களுக்கும் பயம் இல்லை. செத்துப்போச்சுன்னா எதுவுமே தெரியாமப் போயிடும். என் வாயாலேயே ஒரு நாயைக் கொல்லாதீங்கன்னு சொல்ல வச்சுட்டீங்களே.

ஊசி, சீரம் ரெண்டையும் ஐஸ் பெட்டியில வச்சு டிரைவர் அண்ணன்கிட்டக் குடுத்துவிடலாம்னுதான் எழுத உட்கார்ந்தேன். அவர் வழியில டீ குடிக்க நிறுத்துவார். பெட்டியை வெயில்ல வச்சிடுவார். ஐஸ் கரைஞ்சுடும். நீங்களும், "சாயங்காலம் போட்டுக்கிறேன், நாளைக்குப் போட்டுக்கிறேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பீங்க.

இன்னைக்குச் சாயங்காலம் ஓட்டெடுப்பு. லாரி அங்க போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும்.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். கடையை மககிட்டச் சொல்லிட்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டப் போறதில்லை. நானே கொண்டுவந்து குடுக்கிறேன்.

———

ஜூன் 27

என் மகாராணிக்கு,

இன்னும் இடது கைதான். நீ வந்துட்டுப் போன மூணு நாளா முகாமே உன் பேச்சாத்தான் இருக்கு.

லாரி முன்சீட்ல இருந்து நீ மடியில ஐஸ் பெட்டியோட இறங்கினதைப் பார்த்து எங்க இன்ஜினியர், மேலதிகாரி யாரோ சோதனைக்கு வந்துட்டாங்கன்னு ஹெல்மெட்டைத் தேடி ஓடினார். நீ என்னைப் பார்த்ததும் திட்டுவேன்னு நினைச்சேன். நீ கையைத்தான் பார்த்தே. விரலுக்கு நடுவுல அந்த ஓட்டையைப் பார்த்துட்டுக் காம்பவுண்டரைக் கூப்பிட்டே. காயத்துக்குள்ள ஊசி இறங்கும்போது நான் கத்தின கத்தல் மலை முழுக்கக் கேட்டிருக்கும். நீ என் தலையைப் பிடிச்சு உன் வயித்தோட சேர்த்து வச்சுக்கிட்டே. அதுக்காக இன்னொரு ஊசிகூடப் போட்டுக்கலாம்.

ஆளுங்க மேஸ்திரியை அடிக்கணும்னு கம்பியோட திரிஞ்சாங்கன்னும், நான்தான் அவளையும் குட்டிங்களையும் பழைய ஸ்டோர் ரூம்ல ஒளிச்சு வச்சேன்னும் சொன்னதும் நீ சொன்ன வார்த்தையை மறக்க மாட்டேன். "உங்க கிறுக்குத்தனத்தால கடி வாங்கினீங்க. இப்ப அதே கிறுக்குத்தனம்தான் உங்களைக் காப்பாத்துது." அப்புறம் ஸ்டோர் ரூம் வாசல்ல, அவகிட்டயிருந்து ஆறடி தள்ளி, கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நீ நின்னே பார். கதவை விடாமலே கம்பி வச்சிருந்தவங்களைப் பார்த்து, "இதைத் தொட்டவன் என் புருஷனைத் தொட்ட மாதிரி"ன்னே. எங்க ஆளுங்கள்ல ஒருத்தன் இப்பவும் மேஸ்திரியைப் பார்த்தா, "அக்கா, அண்ணனுக்கு உடம்பு எப்படி?"ன்னுதான் கேட்கிறான்.

தினமும் ரிப்போர்ட் கேட்டே. எழுதுறேன். சாப்பிடுறா. தண்ணி குடிக்கிறா. குட்டிங்களுக்குப் பால் குடுக்கிறா. வாயில நுரை இல்லை. என்னைப் பார்த்தா வாலை ஆட்டுறா. கடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி தெரியலை. நான் கையை நீட்டினது அவ குட்டிக்கு மேல. எனக்குத்தான் அறிவில்லை.

நாளையோட பத்து நாள் முடியுது. பயமா இருக்கான்னு நீ கேட்டப்ப இல்லைன்னேன். இருக்கு. ஒவ்வொரு தடவையும் டம்ளரைக் கையில எடுத்ததும், தண்ணி தொண்டையில இறங்குதான்னு என்னை அறியாமலே பார்த்துக்கிறேன்.

ஓட்டெடுப்பு என்ன ஆச்சுன்னு நீ சொல்லவே இல்லை. நானும் கேட்கத் துணியலை. இப்ப கேட்கிறேன்.

உன்னோடவன்

———

ஜூன் 30

என்னங்க,

தோத்துடுச்சு. நாலுக்கு நாலு. சமமா வந்தா தீர்மானம் விழுந்ததா அர்த்தமாம். என் நாற்காலி காலியா இருந்துச்சுன்னு மக சொன்னா. வருத்தப்படாதீங்க. மறுபடியும் அதே நாள் வந்தாலும் நான் லாரியிலதான் ஏறுவேன்.

டயர்க்கடைக்காரர் முகத்துலதான் முழிக்க முடியலை. நான் அந்தப் பக்கம் நடந்தா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள போயிடுறார். நேத்து பொறுக்க முடியாம வீட்டுக்கே போயிட்டேன். கதவைத் திறந்தது அந்தப் பொண்ணுதான். தையல் பிரிச்சாச்சு. கன்னத்துல ஒரு கோடு. "வயித்துக்குக் காத்தடிக்கிற மாமா எப்படி இருக்கார்?"னா. வாய் திரும்பி வந்துடுச்சுங்க.

அவ அம்மாதான் பாதியா இளைச்சிருக்காங்க. ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டாச்சு, பயப்படாதீங்கன்னு சொன்னேன். "தெரியும்மா. ஆனா இவ தண்ணி வேண்டாம்னு ஒரு தடவை சொன்னாலே எனக்கு உயிர் போயிட்டு வருது. அந்த நாய்க்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு யாராவது ஒருத்தர் சொன்னா போதும்"னாங்க. யார் சொல்ல முடியும்? அதைத்தான் அன்னைக்கே அடிச்சுக் குப்பை வண்டியில ஏத்திட்டோமே. நானும்தானே "நல்லது"ன்னு சொன்னேன். மருந்துக்கடை வச்சிருக்கிறவ, பத்து நாள் கணக்கு தெரிஞ்சவ. அன்னைக்குக் கோபத்துல அந்தக் கணக்கு எனக்கு ஞாபகத்துக்கே வரலை.

உங்களுக்கு நடந்ததை அவங்ககிட்டச் சொன்னேன். மறைக்கணும்னு தோணலை. உள்ளேயிருந்து டயர்க்கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்தார். "அந்த நாய் இன்னும் உயிரோட இருக்கா?"ன்னு கேட்டார். "சனிக்கிழமை வரைக்கும் இருந்துச்சுன்னு எழுதியிருக்கார்"னேன். "தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க"ன்னார்.

உங்க போன் எப்பதான் சரியாகும்? பத்து நாள் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. எனக்கு இன்னும் தெரியாது. கடையில ஒருத்தருக்கு மாத்திரை மாத்திக் குடுக்கப் பார்த்தேன், மக கையைப் பிடிச்சுட்டா. இந்த லாரி திரும்பி வரும்போது சேதி வரலைன்னா நடந்தாவது வந்துடுவேன்.

புதுசா ஒரு சட்டம் எழுத ஆரம்பிச்சிருக்கேன். பிஸ்கட் அம்மா வீட்டுக்குப் போய் அவங்களையே டைப் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் சண்டை. "கொல்லுதல்"ங்கிற வார்த்தையை அடிக்கவே மாட்டேன்னுட்டாங்க. வெறி பிடிச்சதை என்ன செய்யிறதுன்னு கேட்டேன். பேப்பரை மெஷின்ல இருந்து உருவி என் பக்கம் தள்ளி, "அதை நீங்க கையால எழுதிக்கோங்க"ன்னாங்க.

சேதி அனுப்புங்க.

———

ஜூன் 30, சாயங்காலம்

மகாராணி!

உன் கடிதத்தைக் கொண்டுவந்த லாரி அப்படியே திரும்புது. டிரைவர் அண்ணனை நிறுத்தி வச்சுட்டு எழுதுறேன்.

நேத்து அனுப்பியிருக்கலாமேன்னு திட்டாதே. கீழே போற வண்டியே இல்லை.

இருக்கா! நல்லா இருக்கா! பன்னிரண்டாவது நாள். என் பிரட்டைத் தின்னுட்டு, காம்பவுண்டரோட பிரட்டையும் எடுத்துட்டு ஓடிட்டா. அவர் அவளைத் துரத்திக்கிட்டே, "உடம்புக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை!"ன்னு கத்தினார். இதைவிட நல்ல மருத்துவச் சான்றிதழ் நான் பார்த்ததில்லை. மிச்ச ஊசியையும் போட்டுக்கிறேன். நீ சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன்.

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டதும், எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை, படியில உட்கார்ந்து அழுதுட்டேன். ஆளுங்க எல்லாரும் சுத்தி நின்னாங்க. எவனும் கேலி பண்ணலை.

முதல்ல டயர்க்கடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லு. அப்புறம் நீ சாப்பிடு. சாப்பிட்டிருக்க மாட்டே.

பிஸ்கட் அம்மாவுக்கு இந்தத் தடவை நான் எதுவும் எழுதலை!

———

ஜூலை 18

என்னங்க,

புதுச் சட்டம் செவ்வாய்க்கிழமை நிறைவேறிடுச்சு. ஆறுக்கு மூணு. உங்ககிட்ட உடனே எழுதாததுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன்.

தெரு நாய்ங்களைப் பிடிச்சு வெறிநோய் ஊசியும் கருத்தடையும் பண்ணிப் பட்டை கட்டி விடணும். கறிக்கடைக் கழிவைத் தினமும் மூடின வண்டியில எடுத்துடணும். ஆஸ்பத்திரியில நாய்க்கடி ஊசி எப்பவும் இருக்கணும். வேன் நிக்கிற இடத்துல யாரும் சாப்பாடு போடக்கூடாது. பிஸ்கட் அம்மா இதுக்கு மட்டும் மூணு நாள் என்னோட பேசலை, அப்புறம் மைதானத்து மூலையை ஒத்துக்கிட்டாங்க. கடிச்ச நாயை அடிக்கக்கூடாது, அடைச்சு வச்சுப் பார்க்கணும். வெறின்னு தெரிஞ்சா டாக்டர் ஊசி போட்டு முடிக்கணும். அந்த வரி மட்டும் என் கையெழுத்துலதான் இருக்கு. நீங்க இங்க இருந்திருந்தா அதுக்கும் சண்டை போட்டிருப்பீங்க. போடுங்க, வந்து போடுங்க.

வாட்ச்மேனுக்கு ஊசி போட்டாச்சு. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துட்டுத் திரும்பவும் தூங்கிட்டான்.

இப்ப முக்கியமான விஷயம். ஓட்டெடுப்புக்கு ஆறு நாள் முன்னாடி, 8-ம் தேதி காலையில, மார்க்கெட்ல தையல்காரரை ஒரு கறுப்பு நாய் கால்ல கடிச்சிடுச்சு. அஞ்சே நிமிஷத்துல கும்பல் கூடிடுச்சு. எல்லார் கையிலயும் கட்டை. நாய் காய்கறி வண்டிக்கு அடியில பதுங்கிடுச்சு. நான் மருந்துப் பெட்டியை எடுத்துக்கிட்டு ஓடுறதுக்குள்ள டயர்க்கடைக்காரர் அங்க போயிட்டார். அவர் கையிலயும் இரும்புக் கம்பி. அவர் பொண்ணைக் கடிச்ச நாயை அடிச்ச அதே ஆளுங்கதான் சுத்தி நிக்கிறாங்க.

அவர் வண்டிக்கு முன்னாடி போய் நின்னு, கும்பலைப் பார்த்துத் திரும்பினார்.

"யாரும் அடிக்கக்கூடாது. இது உயிரோட வேணும்."

"உன் பொண்ணு கன்னத்தை மறந்துட்டியா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"மறக்கலை. அதனாலதான் சொல்றேன். அன்னைக்கு நீங்க அடிச்சீங்க, நானும் சேர்ந்து அடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் என் வீட்டுல யாரும் நிம்மதியாத் தூங்கலை. தையல்காரர் வீடாவது தூங்கட்டும்."

லாரியில டயரை அடுக்கிக் கட்டுற வலையை வரவழைச்சு, அவரும் வேன் டிரைவருமாச் சேர்ந்து நாயைப் பிடிச்சாங்க. அதைக் கடைக்குப் பின்னாடி டயர் அடுக்குற ஷெட்ல அடைச்சார். பத்து நாளும் அவர்தான் தண்ணியும் சாப்பாடும் ஷட்டருக்கு அடியில தள்ளினார். தையல்காரருக்கு நான் ஊசி போட வச்சேன். அப்போ சட்டம் இன்னும் வரவே இல்லை, ஆனா உறுப்பினருங்க மூணு பேர் அந்த ஷெட்டைப் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. எதிர்த்து ஓட்டுப் போட இருந்த ரெண்டு பேர் மனசு மாறினது அங்கதான்னு நினைக்கிறேன். நாய் எப்படின்னு கடைசி வரைக்கும் தெரியாம உங்களுக்கு எழுதவேண்டாம்னு இருந்துட்டேன். உங்களுக்கும் எனக்கும் ஒரு தடவை காத்திருந்ததே போதும்.

இன்னைக்குக் காலையில ஷட்டரைத் தூக்கினார். நானும் அவர் வீட்டுக்காரம்மாவும் பக்கத்துல நின்னோம். நாய் வெளியில வந்துச்சு. வெளிச்சத்துல கண்ணைச் சுருக்கிப் பார்த்துச்சு, சோம்பல் முறிச்சுச்சு, எங்களைத் தாண்டித் தண்ணித் தொட்டிக்குப் போய் நிதானமாக் குடிச்சுச்சு. அந்தம்மா அது தண்ணி குடிக்கிறதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நாய் நிமிர்ந்து அது பாட்டுக்குப் போயிடுச்சு.

"தையல்காரர்கிட்ட நான் போய்ச் சொல்றேன்"ன்னார் டயர்க்கடைக்காரர். நம்ம மக போய்ச் சொல்லட்டுமேன்னு கேட்டேன். "இல்லைம்மா, நானே சொல்லணும்"னுட்டு, கையில இருந்த ஷட்டர் பூட்டைக்கூடக் கீழ வைக்காமத் தெருவுல இறங்கினார். அந்தக் கனத்த மனுஷன் வேகமா நடந்து நாங்க பார்த்ததில்லை. மார்க்கெட் திருப்பம் வரைக்கும் ஓடியே போனார்.

உங்க வீட்டுக்காரி